மயிலாத்தாளுக்கு ஒத்துக்கொள்ளும் கார்

கேட்குதுங்களா தம்பி? ஷட்டரைத் தூக்கறதுக்கு முன்னால இப்படியே கொஞ்சம் நின்னு கேளுங்க. உள்ளே ஓடிட்டிருக்கறது அந்த வண்டிதான். சேலத்துல இருந்து கிளம்பிட்டேன்னு நீங்க போன் பண்ணினதும் கணக்குப் பண்ணி ஸ்டார்ட் பண்ணி விட்டேன். சூடாகி இப்பத்தான் நிதானத்துக்கு வந்திருக்குது. வண்டியைக் கண்ணால பார்த்துட்டா அப்புறம் காது வேலை செய்யாதுங்க. கலரைப் பார்ப்பீங்க, சக்கரத்தைப் பார்ப்பீங்க, எங்கியாவது கீறல் இருக்குதான்னு குனிஞ்சு பார்ப்பீங்க. அதுக்கு முன்னால சத்தத்தைக் கேட்டுக்குங்க. அடியில ஒரு கமறல் இருக்குதுங்களா? அது கோளாறு இல்லை. இந்த வண்டிக்குத் தொண்டையே அப்படி.

நான் போர்வண்டிக்காரன். பேரு நாச்சிமுத்து. திருச்செங்கோட்டுல தெருவுக்குத் தெரு எங்க ஆளுங்கதான், ரிக் வண்டியை எடுத்துக்கிட்டு வடக்கே போய் ஊர் ஊரா தண்ணிக்குப் போர் போடறவங்க. பூமிக்குள்ள துளை போடற பிட்டு இறங்கறப்போ கண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. சத்தம்தான். மண்ணுக்கு ஒரு சத்தம், பாறைக்கு ஒரு சத்தம். எனக்குக் காதுதான் சோறு போட்டுது. அதனால சொல்றேன், என் காதுக்கு எதுவும் தப்பாது.

சரி, தூக்கறேன். பார்த்துக்குங்க.

வீட்டம்மா டாக்ஸியிலயே உட்கார்ந்திருக்காங்களா? இறங்கி வரச் சொல்லுங்க. தண்ணித்தொட்டி ஓரமா நிழல் இருக்குது, சேர் போட்டிருக்கறேன். வேண்டாங்கறாங்களா? சரி, அவங்க இஷ்டம். ஆனா ஒண்ணு. அவங்களை இதுல உட்கார வச்சுப் பார்க்காம நீங்க முடிவு பண்ணக் கூடாது. வாங்கறது நீங்களா இருக்கலாம். கார் யாருக்குங்கறது பக்கத்துல உட்கார்றவங்க வயித்தைப் பொறுத்த விஷயம். இதை எந்த ஷோரூம்லயும் சொல்ல மாட்டாங்க.

ஏன் விக்கறீங்கன்னு கேட்டீங்க. நியாயமான கேள்விதான். இப்பத்தான் வாங்கின மாதிரி இருக்குது, ஓட்டம் ஒண்ணுமே இல்லை, எதுக்கு விக்கறான், உள்ளே ஏதோ வில்லங்கம்னு தோணும். எனக்கே தோணும். வில்லங்கம் ஒண்ணும் இல்லைங்க. இந்த வண்டி மயிலாத்தாளுக்கு ஒத்துக்கலை. மயிலாத்தா எங்க வீட்டுக்காரி. அவளுக்காகத்தான் வாங்கினேன். அவளுக்காகத்தான் விக்கறேன்.

உட்காருங்க. எஞ்சினை அணைச்சுடறேன்.

கடைசி ரிக்கையும் கைமாத்தி விட்டுட்டு நான் ஊரோட வந்து சேர்ந்தப்போ, வீட்டுல எல்லாமே தப்பு தப்பா இருந்துச்சுங்க. அத்தனை வருஷம் வருஷத்துக்கு ரெண்டு தடவை, பொங்கலுக்கும் ஆடிக்கும், விருந்தாளி மாதிரி வந்து போனவன்தானே. கவனிக்க நேரமில்லை. இப்ப உட்கார்ந்து பார்த்தா, கேஸ் அடுப்பு ஜன்னலுக்கு நேரா இருக்குது, காத்துல பாதி தீ வீணாப் போகுது. பீரோ தெக்குச் சுவத்துல. துணி காயப் போடற கயிறு வாசல்ல. எல்லாத்தையும் மாத்தினேன். மயிலாத்தா ஒண்ணும் சொல்லலை. அவ எதையும் சொல்ல மாட்டா. அதுதான் அவகிட்ட நல்ல குணம். முப்பது வருஷத்துல எங்களுக்குள்ள ஒரு சண்டை வந்ததில்லை தம்பி, நம்புவீங்களா?

ஒரே பொண்ணு, கோகிலா. கோயமுத்தூர்ல படிச்சா. அங்கேயே ஒருத்தரைப் பார்த்து முடிவு பண்ணிட்டா. கோத்தகிரிக்காரர், தேயிலை ஃபேக்டரியில சூப்பர்வைசர், பேரு ரவீந்திரன். நான் தடுக்கலைங்க. முதல் ஒரு வருஷம் வீட்டுப் பக்கம் கூட்டிட்டு வராதேன்னு மட்டும்தான் சொன்னேன். சொந்தக்காரங்க வாயை அடைக்கணுமில்லீங்களா. கல்யாணம் மலை மேலயே நடந்துச்சு. நான் அப்ப ஒடிசாவுல. போர் பாதி ஆழத்துல இருக்கறப்போ பிட்டு மாட்டிக்கிச்சு. ஹேமர், ராடு எல்லாம் உள்ளே நிக்குது. அப்படியே போட்டுட்டு வர முடியுங்களா? கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம். பிட்டைத் தள்ளி வைக்க முடியாது. இவங்க தள்ளி வைக்கலை.

நான் ஊருக்கு வந்த வருஷம் கோகிலா முழுகாம இருந்தா. முதல் பிரசவம் தாய்வீட்டுலதானே? அதுல யாருக்கும் மாத்துக் கருத்து இருக்க முடியாது. இவ போன்ல அம்மாகிட்ட, நீ இங்க வந்து இரும்மா, இங்கேயே ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்குதுங்கறா. நான் போனை வாங்கி, அதெல்லாம் முறை கிடையாது கண்ணு, நாங்க வந்து கூட்டிட்டு வர்றோம்னு சொன்னேன். சரிப்பான்னா. போனை வச்சுட்டா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கோத்தகிரி மலை. மயிலாத்தாளுக்குக் காரே ஆகாது. எங்ககிட்ட இருந்த பழைய ஜீப்புல நான் அவளை ஏத்தினா ஊர் எல்லை தாண்டறதுக்குள்ள முகம் வெளுத்துரும். அடுத்து தலை வெளியே போயிரும். சும்மா பக்கத்து ஊர் விசேஷத்துக்குக் கூட இதே கதை. கொண்டை ஊசி வளைவுல என்ன ஆவா? அதனால முடிவு பண்ணினேன். எவ்வளவு பெரிய வண்டியா இருந்தாலும் சரி, மயிலாத்தாளுக்கு வாந்தி வராத கார் ஒண்ணு வாங்கறது, அவளை அதுல உட்கார வச்சு மலையேறறது, கோகிலாவைக் கூட்டிட்டு வர்றது. இதுக்குத்தான் அத்தனை அலைச்சலும்.

கோயமுத்தூருக்குத்தான் போனோம், பீளமேட்டுல ரயிலை விட்டு இறங்கினா கார் ஷோரூம் நடக்கற தூரம்தான். ரயில் அவளுக்குப் பிரச்சினை இல்லீங்க. லேடீஸ் பெட்டியில ஏறிக்குவா, நான் வேற பெட்டியில. ஈரோட்டுல ஏறினா சிரிச்ச முகமா இறங்குவா.

ஷோரூம்ல எங்களைப் பார்த்துக்கிட்டது ரெபேக்கான்னு ஒரு பொண்ணு. மார்த்தாண்டம் பக்கமாம். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். வண்டியை அதுவே ஓட்டிக் காட்டும். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சிரிக்கலை. அம்மாவுக்கு எது ஒத்துக்குதுன்னு பார்த்துரலாம் சார்னு சொல்லுச்சு. அதுக்காக அது மேல எனக்கு மரியாதை.

முதல்ல செடான். உங்களுக்கும் பயன்படும், கேட்டுக்குங்க. பெரிய செடான்னா முதலாளி பின்னால உட்கார்றதுக்குன்னே செஞ்சது. நீளமா இருக்கும், தரையை ஒட்டி இருக்கும், கதவைச் சாத்தினா வெளியுலகமே இல்லை. ரோட்டுல கல்லு கிடந்தா சக்கரத்துக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது. ஆனா சேலை கட்டினவங்களுக்கு உட்கார்ந்து எந்திரிக்கறது சிரமம், குனிஞ்சு உள்ளே போகணும். மயிலாத்தாளைப் பின்னால ராணி மாதிரி உட்கார வச்சுட்டு நான் முன்னால உட்கார்ந்தேன். திரும்பித் திரும்பி அவளுக்கு விளக்கிட்டே வந்தேன். முதுகைச் சாய்ச்சு உட்காரு, கையை அங்கே வை, கண்ணாடியை இறக்காதே ஏசி போயிரும், கீழே பார்க்காதே, என்னைப் பாருன்னு. நீலாம்பூர் தாண்டலைங்க. ஏனுங்க, நிறுத்தச் சொல்லுங்கன்னா.

அப்ப நான் என்ன நினைச்சேன்னா, தனியா பின்னால விட்டது தப்பு. பக்கத்துல ஆள் இல்லை, பயம்.

அடுத்த வாரம் கிராஸ்ஓவர். காருக்கும் ஜீப்புக்கும் பொறந்த புள்ளை அது. உயரமா இருக்கும், முழங்கால் வலிக்காரங்க அப்படியே நகர்ந்து உட்கார்ந்துக்கலாம், குனியவும் வேண்டாம் ஏறவும் வேண்டாம். வேகத்தடையைக் கண்டுக்காது. ரோடு நல்லாத் தெரியும். ஆனா உயரமான வண்டி வளைவுல கொஞ்சம் சாயும், அதை மறைச்சுப் பேசக் கூடாது. இந்தத் தடவை நானும் பின்னாலயே மயிலாத்தா பக்கத்துல உட்கார்ந்து, அவ மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டேன். வருதா, வருதான்னு கேட்டுக்கிட்டே வந்தேன். ஆரம்பிச்சா உடனே சொல்லணும், மறைக்கக் கூடாதுன்னேன். தூரத்துல இருக்கற பொருளைப் பாருன்னு ஒவ்வொண்ணாக் காட்டினேன், அதோ டவர், அதோ காலேஜ். நான் பக்கத்துலயே இருந்து அவ்வளவு கவனிச்சும், செடானை விடச் சீக்கிரமா வந்துருச்சு. ஷோரூம் போர்டு பின்னால இன்னும் தெரிஞ்சுக்கிட்டிருந்துச்சு.

ரெபேக்கா வண்டியை ஓரங்கட்டி அவளுக்குத் தண்ணி கொடுத்துச்சு. முதுகைத் தடவி விட்டுச்சு. நிமிர்ந்து ஒரு பார்வை என்னைப் பார்த்துச்சு. சார், நீங்க கொஞ்ச நேரம் காத்தாட நில்லுங்கன்னு சொல்லுச்சு. எனக்கு ஒண்ணும் இல்லையே, நான் எதுக்கு நிக்கணும்னேன்.

அப்புறம் இது. இந்த ஸ்போர்ட்ஸ் காரு. நான் கேட்கவே இல்லை. அன்னிக்கு வேற ஒரு செடானைப் பார்க்கத்தான் போயிருந்தோம், அதோட பேப்பர்ல ஏதோ தாமதம். வாசல்ல இது நின்னுச்சு. அம்மா, சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம் வாங்கன்னு ரெபேக்கா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருச்சு. ரெண்டே சீட்டு. ஓட்டறவங்களுக்கு ஒண்ணு, இடது பக்கத்துல ஒண்ணு. எனக்கு இடமில்லை. காபி மெஷின் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன்.

ரொம்ப நேரம் ஆளைக் காணோம். எங்கியோ நிறுத்தி வாந்தி எடுத்துட்டிருக்கறான்னு நினைச்சு நான் மேனேஜர்கிட்டப் பேசிட்டிருந்தேன். வண்டி வர்ற சத்தம் கேட்டு வெளியே வந்தேன். கூரை திறந்திருக்குது. இதோ, இந்தக் கூரை மடங்கிப் பின்னால போயிரும், நான் திறக்கறதில்லை, தூசி. மயிலாத்தா தலையில வச்ச பூவைக் காணோம். கையில பாதி தின்ன சோளக்கதிர். சிரிச்சுக்கிட்டிருந்தான்னு சொல்ல முடியாதுங்க, சிரிச்சு முடிச்ச முகம். ரெபேக்காகிட்ட ஏதோ சொல்லிக்கிட்டே வந்தவ என்னைப் பார்த்ததும் முடிச்சுக்கிட்டா.

வாந்தி? இல்லைங்க. தலைசுத்தல்? இல்லைங்க. எனக்கு நம்பிக்கை வரலை. ரெபேக்காவைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"காளப்பட்டி தாண்டிப் போயிட்டு வந்தோம் சார். அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலை. பேசிக்கிட்டே வந்தாங்க."

"என்ன பேசினா?"

"சும்மாதான் சார்."

"அவ பேச மாட்டாளே."

அந்தப் பொண்ணு சாவியை மாட்டி வைக்கப் போயிருச்சு. அதுக்குத் தொழில் ரகசியம் போல. நான் யோசிச்சுப் பார்த்தேன். சீட்டைப் பாருங்க, குழி மாதிரி இருக்குதுல்ல? இடுப்பை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிச்சுக்கும். வயிறு ஆடாது. எடையெல்லாம் தரையோட தரையா இருக்கறதால வண்டி சாயாது. சஸ்பென்ஷன் கட்டை மாதிரி இருக்கும், ரோடு முதுகுல தெரியும், ஆனா ஆடாது. ஆட்டம்தான் வாந்திக்குக் காரணம். இதுதான் மயிலாத்தாளுக்கு ஏத்த வண்டின்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்.

விக்கிற பொண்ணே வேண்டாம்னு சொல்லுச்சு தம்பி, கேட்டிருக்கீங்களா இப்படி?

"சார், மலை ரோட்டுக்கு இது வேண்டாம். அடி தட்டும். பொண்ணைக் கூட்டிட்டு வரப் போறீங்க, அவங்க எங்கே உட்காருவாங்க?"

"முதல்ல இவ வயிறு மலையேறட்டும். பொண்ணை டாக்ஸியில கூட்டிட்டு வந்துக்கறேன்."

"அதுக்கு அம்மாவுக்கே டிரைவிங் கத்துக் கொடுத்துரலாமே சார். ஓட்டறவங்களுக்கு வாந்தி வராது."

நான் சிரிச்சேன். மயிலாத்தா சிரிக்கலை, சோளத்தைத் தின்னுக்கிட்டிருந்தா. அந்தப் பொண்ணுக்குக் கிராஸ்ஓவர் வித்தாத்தான் கமிஷன் ஜாஸ்தியா இருக்கும்னு அப்புறம் புரிஞ்சுக்கிட்டேன். இல்லாட்டி எதுக்கு அவ்வளவு தடுக்கணும்?

வாங்கிட்டேன். பிள்ளையார் கோயில்ல பூஜை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு ஏத்தி இறக்கி, எல்லாம் முறைப்படி. நல்ல நாள் பார்த்துக் கிளம்பினோம். கோகிலாவுக்குச் சேலை, வளையல், கச்சாயம் முறுக்குன்னு பலகாரம் எல்லாம் இருக்குது. டிக்கியைத் திறந்து பாருங்க, ஒரு பை வச்சா மூடாது. மிச்சத்தையெல்லாம் மயிலாத்தா மடியில வச்சுக்கிட்டா. முறுக்கு டின் மேல தாடையை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

நான் எப்பவும் போலத்தான் பேசிட்டு வந்தேன். போனதும் அழுது வைக்காதே, முதல்ல துணிமணியை எடுத்து வைக்கச் சொல்லுன்னேன். மாப்பிள்ளைகிட்ட முறையைப் பத்தி நீதான் எடுத்துச் சொல்லணும், நான் சொன்னா அதிகாரமாத் தெரியும்னேன். பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரி, குழந்தைக்கு என்ன பேரு, அதையும் சொன்னேன். பள்ளிபாளையம் பாலம் ஏறறப்போ திரும்பிப் பார்க்கறேன், முகம் வெளுத்திருக்குது. இது சீட்டுக்குப் பழகற வரைக்கும்தான்னேன். ஈரோட்டைத் தாண்டினோம். பெருந்துறையில பஸ் நிக்கற இடத்துக்கிட்டக் கையைக் காட்டினா. நிறுத்தினேன். டின்னை என் மடியில வச்சுட்டு இறங்கிப் போய், சாக்கடையோரமாக் குனிஞ்சுக்கிட்டா.

டீக்கடையில வாய் கொப்புளிச்சுட்டு பெஞ்சுல உட்கார்ந்தா. நான் வண்டியைச் சுத்திச் சுத்திப் பார்க்கறேன். ஷோரூம்ல அந்தப் பொண்ணு ஓட்டினப்போ ஆகலை. அதே மாடல், அதே சீட்டு. டயர்ல காத்து கூடவான்னு அழுத்திப் பார்க்கறேன்.

"ஏனுங்க," அப்படின்னா. "நான் பஸ்ஸுல வர்றேன். நீங்க காருல வாங்க."

"உனக்காகத்தானே இதை வாங்கினேன்."

"வண்டி நல்ல வண்டிதானுங்க."

அவ்வளவுதான். கோபமா இல்லை. அலுத்துக்கவும் இல்லை. மேட்டுப்பாளையம் போற பஸ் வந்துச்சு, டின்னை வாங்கிக்கிட்டு ஏறிட்டா. பஸ்ஸுல அவளுக்கு இன்னும் மோசமாகும், பாதியில இறங்கிருவா, ஏத்திக்கணும்னு நான் பின்னாலயே போனேன்.

நீங்க இந்த மாதிரி ஒரு வண்டியை கவர்மெண்ட் பஸ் பின்னால ஓட்டிப் பார்த்திருக்கீங்களா? இது கிடந்து துடிக்குது, கட்டிப் போட்ட காளை மாதிரி. பஸ் புகையெல்லாம் கண்ணாடியில. ஸ்டாப்பிங்குக்கு ஸ்டாப்பிங் நிக்கறேன். பின்சீட்டுப் பசங்க டாட்டா காட்டுதுங்க. மயிலாத்தா ஜன்னலோரமா உட்கார்ந்திருக்கறது எனக்கு நல்லாத் தெரியுது. பக்கத்துல ஒரு பொம்பளை. ரெண்டு தலையும் ஆடுது, பேசிட்டு வர்றாங்க. அன்னூர்ல வெள்ளரிக்காய் வாங்கினா. பச்சையா, உப்பு மொளகாப்பொடி தடவினது. சரி, இது வெளியே வரத்தான் போகுதுன்னு நினைச்சேன். வரலை.

மேட்டுப்பாளையத்துல பஸ் மாறினா. நான் இறங்கிப் போய், எப்படி இருக்குதுன்னு கேட்டேன். பரவாயில்லைங்கன்னு சொல்லிட்டுக் கோத்தகிரி பஸ்ஸுல ஏறிட்டா. மலை ஆரம்பிச்சுது. ஒவ்வொரு வளைவுலயும் இப்ப வரும், இப்ப வரும்னு பார்த்துக்கிட்டே ஓட்டறேன். ஒரு இடத்துல தலையை வெளியே நீட்டினா. வந்துருச்சுன்னு நான் பிரேக்ல கால் வச்சுட்டேன். மலையைப் பார்த்திருக்கறா. பார்த்துட்டு உள்ளே இழுத்துக்கிட்டா.

அப்ப என்ன தோணுச்சுன்னு கேட்டீங்கன்னா, ஒண்ணும் தோணலைங்க. பஸ்ஸு நம்பரைப் பார்த்துக்கிட்டே போனேன். ஒரு மணி நேரம் அந்த நம்பரைத் தவிர வேற எதையும் நான் நினைக்கலை.

அப்புறம் யோசிச்சதுல காரணம் கிடைச்சுது. பஸ்ஸு உயரம். சக்கரத்துக்குச் சக்கரம் இடைவெளி அதிகம். ஜன்னல் பெருசு. அதுதான்.

கோகிலா வீடு டவுனுக்குக் கொஞ்சம் தள்ளி, ரோட்டை விட்டு மேலே ஏறணும். காங்கிரீட் போட்ட பாதைதான், ஆனா செங்குத்து. மூக்கைத் திருப்பி ஏத்தினேன், அடிவயிறு தட்டுச்சு. ஒரு சத்தம், பிட்டு பாறையில மாட்டின மாதிரி. கீழே பார்த்தீங்கன்னா இப்பவும் தழும்பு இருக்கும், மறைக்க மாட்டேன், விலையில அதைக் கழிச்சுக்கலாம். பின்னால எடுத்து ரோட்டோரமா நிறுத்தினேன். மாப்பிள்ளை இறங்கி ஓடி வந்தார். நல்ல மரியாதைக்காரர்.

"மாமா, வண்டி இங்கேயே நிக்கட்டும். இந்த ஒரு ஏத்தம்தான், நடந்துரலாம் வாங்க."

மயிலாத்தா அதுக்குள்ள டின்னைத் தூக்கிக்கிட்டுப் பாதி ஏத்தம் போயிட்டா. முழங்கால் வலிக்காரி.

எப்படிங்க விட்டுட்டுப் போறது? பள்ளிக்கூடம் விட்ட நேரம். பசங்க அப்பவே கூடிட்டாங்க, ஒருத்தன் கண்ணாடியைத் தொடறான், ஒருத்தன் பானெட்டுல மூஞ்சி பார்க்கறான். நான் வண்டியிலயே இருக்கறேன், கோகிலாவைக் கீழே கூட்டிட்டு வாங்க, டாக்ஸி பேசிக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டேன். அவர் பைகளைத் தூக்கிக்கிட்டு, ஒருமுறை திரும்பிப் பார்த்துட்டுப் போனார்.

உட்கார்ந்திருந்தேன். மஞ்சு இறங்குச்சு, புகை மாதிரி. மாப்பிள்ளை மறுபடி வந்தார், பிளாஸ்க்ல டீ, தட்டுல நாங்க கொண்டு போன கச்சாயமே ரெண்டு. டாக்டர் ஏத்த இறக்கம் நடக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காராம். அத்தை இங்கேயே இருந்து பார்த்துக்கறேன்னு சொல்றாங்க மாமா, நீங்க மேலே வாங்க, வந்து பேசலாம்ங்கறார். நான் யோசிச்சுச் சொல்றேன்னேன். யோசிக்க என்ன இருக்குது? முறையை மாத்த முடியுமா?

அப்ப அண்ணாந்து பார்த்தா, ஏத்தத்து உச்சியில கோகிலா நிக்கறா. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, ஒரு கையைச் சுவத்துல ஊனிக்கிட்டு. வயிறு நல்லாத் தெரியுது. கல்யாணத்துக்கு அப்புறம் நான் அவளைப் பார்க்கறது அதுதான் முதல். தீபாவளிக்கு வந்தப்பல்லாம் நான் வடக்கே இருந்தேனே. கையைத் தூக்கினா. வாங்கன்னு கூப்பிட்டாளா, போயிட்டு வாங்கன்னு சொன்னாளான்னு அந்த மஞ்சுல தெரியலை.

நான் ஹாரன் அடிச்சேன். ரெண்டு தடவை.

கொஞ்ச நேரம் நின்னா. உள்ளே போயிட்டா. நானும் இருட்டறதுக்குள்ள மலையிறங்கணும்னு கிளம்பிட்டேன். இடது பக்கத்து சீட்டு காலி. வண்டி அப்படி ஒரு ஓட்டம் ஓடுச்சு தம்பி, ஒரு ஆட்டம் இல்லை, ஒரு அசைவு இல்லை.

பேத்தி பொறந்தா. சுகப்பிரசவம். மயிலாத்தா தினமும் போன் பண்ணுவா. நல்லா இருக்கறாங்க, சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களான்னு கேட்பா. எப்ப வர்றேன்னு நானும் கேட்பேன். பச்சை உடம்பு, கொஞ்ச நாள் போகட்டுங்கன்னா. சரிதானே. அப்புறம் மழைங்கன்னா. மழையில மலையிறங்க முடியாது, அதுவும் சரிதான். இப்ப பேத்தி சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறாளாம். கோகிலா வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டா, குழந்தையைப் பார்த்துக்க ஆள் வேணுமில்லீங்களா. அங்கத்துக் குளிர் மயிலாத்தாளுக்கு ஒத்துப் போச்சாம். மாப்பிள்ளையோட ஜீப்புலதான் சந்தைக்குப் போயிட்டு வர்றாளாம். எந்தக் காலத்து ஜீப்போ, சஸ்பென்ஷன்னு ஒண்ணு அதுல இருக்கவே வழியில்லை. ஒரு தடவை கூட வாந்தி எடுக்கலையாம். எனக்கு அது மட்டும் இன்னும் பிடிபடலை.

ஷோரூமுக்குப் போய்க் கேட்டேன். நீங்க ஓட்டிக் காட்டின வண்டி வேற, எனக்குக் கொடுத்த வண்டி வேறன்னு சண்டை போட்டேன். மேலே தூக்கி வச்சு எல்லாத்தையும் கழட்டிப் பார்த்தாங்க. ரெபேக்கா பக்கத்துல வந்து நின்னுச்சு. சார், வண்டியில ஒண்ணும் இல்லைன்னு சொல்லுச்சு. சொல்லிட்டு வேற ஏதோ சொல்ல வந்த மாதிரி நின்னுட்டு, போயிருச்சு. அதுக்கும் தெரியலை போல.

நானே பரிசோதனை பண்ணிட்டுத்தான் இருக்கறேன். தினமும் காலையில ஷட்டரைத் தூக்கி, எஞ்சினைப் போட்டுவிட்டு இடது பக்கத்து சீட்டுல உட்கார்ந்துக்குவேன். அவ உட்கார்ந்த மாதிரியே, மடியில எதையாவது வச்சுக்கிட்டு. கண்ணாடியெல்லாம் மூடி. ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஒண்ணுமே ஆகறதில்லை.

அதனால இதைக் கொடுத்துட்டுக் கிராஸ்ஓவர் ஒண்ணு எடுத்துரலாம்னு இருக்கறேன். நல்ல உயரமா, நீளமா, நாலு சக்கரமும் இழுக்கறதா. அந்த ஏத்தத்துல நேரா வாசப்படிக்கே போய் நிறுத்தணும். அன்னிக்கே அதை எடுத்திருந்தா நான் வீட்டுக்குள்ள போயிருப்பேன். கோகிலா வீட்டுக்கு உள்ளே எப்படி இருக்கும்னு எனக்கு இன்னும் தெரியாதுங்க. போட்டோவுல ஒரு பச்சைச் சுவரு தெரியும், அவ்வளவுதான்.

என்ன கேட்டீங்க? பஸ்ஸுலயா? இங்கிருந்து ஈரோடு, அப்புறம் மேட்டுப்பாளையம், அப்புறம் கோத்தகிரி. பஸ் இருக்குது, இல்லாம என்ன. எனக்குப் பஸ்ஸு ஒத்துக்காதுங்க தம்பி. ஒரு தடவை கிளம்பிப் பார்த்தேன். ஈரோடு ஸ்டாண்டுல ஏறி உட்கார்ந்தேன். பக்கத்துல ஒரு ஆளு, ஊரு எது, எங்க போறீங்க, யாரு இருக்கறாங்க அங்கேன்னு வாயை மூடவே இல்லை. தலை கிறுகிறுன்னு வந்துருச்சு. வண்டி எடுக்கறதுக்குள்ள இறங்கிட்டேன்.

சரி, பேச்சை விடுங்க. இந்தாங்க சாவி. வீட்டம்மாவைக் கூப்பிடுங்க, ரெண்டு பேரும் ஒரு சுத்து போயிட்டு வாங்க. சங்ககிரி ரோடு நல்லா இருக்கும். நான் கூட வர முடியாது, இடமில்லையே. அவங்களை ஏறினதும் அது இதுன்னு கேட்காதீங்க, திரும்பி வந்தப்புறம் கேட்டுக்கலாம்.

மெதுவாவே வாங்க, எனக்கு அவசரம் ஒண்ணும் இல்லை. நான் உள்ளே போறேன். கிரைண்டரை நிறுத்திட்டுத்தான் உங்களுக்குக் கேட்டைத் திறந்தேன், உளுந்து பாதியில நிக்குது. தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுத் தள்ளி விடணும், இல்லாட்டி மாவு பொங்காது. வந்ததும் ஹாரன் அடிச்சா எனக்குக் கேட்காது தம்பி. இறங்கி வந்து கதவைத் தட்டுங்க.